கட்டும் முன் ஒரு கணக்கு

திருமண வீட்டில் தலைமைச் சமையற்காரர் அடுப்பைப் பற்றவைக்கும் முன் செய்கிற முதல் வேலை என்ன? சாமான் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அரிசி வந்ததா, பருப்பு வந்ததா, அண்டாவும் ஜல்லிக்கரண்டியும் வந்தனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதுதான். சாம்பார் கொதிக்கும்போது புளி வாங்கவில்லை என்று தெரியவந்தால் பந்தி நின்றுபோகும் அல்லவா?

கணிப்பொறி உலகிலும் இத்தகைய சாமான் பட்டியல்கள் உண்டு. ஒரு மென்பொருளை உருவாக்க வேறு பல மென்பொருள்கள் தேவைப்படுகின்றன. அந்த ஒவ்வொன்றுக்கும் இன்னும் சில தேவைப்படுகின்றன. பல்லாயிரம் மென்பொருள்கள் குவிந்திருக்கும் ஒரு கிடங்கில், ‘இந்த மென்பொருளை இன்று கட்ட முடியுமா? அதற்கு வேண்டியவை எல்லாம் ஒருங்கே கிடைக்குமா?’ என்ற கேள்வி நாள்தோறும் எழுகிறது. பார்வைக்கு இது மளிகைக் கடைக் கணக்கு. உள்ளே புகுந்து பார்த்தாலோ, கணிதத்தில் இன்றும் தீராதிருக்கும் ஒரு பெரிய வினாவின் வாசலில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. அது எவ்வாறு என்று இக்கட்டுரையில் காண்போம்.

மூலமும் பொதியும்

கணிப்பொறிக்கு மனிதர்கள் ஆணைகளை எழுதும் மொழி வேறு. கணிப்பொறியின் சில்லு நேரடியாகப் புரிந்துகொள்ளும் மொழி வேறு. சி, ரஸ்ட் போன்ற மொழிகளில் மனிதர்கள் எழுதும் வடிவத்தை மூல நிரல் என்கிறோம். இதனைச் சில்லின் மொழிக்கு மாற்றித் தரும் நிரலுக்குக் கம்பைலர் அல்லது தொகுப்பி என்று பெயர். மூல நிரலை எடுத்து, தொகுப்பியிடம் கொடுத்து, கிடைக்கும் துண்டுகளை இணைத்து, பயன்படுத்தத் தக்க மென்பொருளாக்கும் பணியையே ‘கட்டுதல்’ என்கிறோம்.

கட்டி முடித்த மென்பொருளை, தபாலில் வரும் பார்சலைப் போல ஒரு பொதியாக ஆக்குகிறார்கள். பொதியின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருப்பதாகக் கொள்ளுங்கள். பெயர் என்ன, எத்தனையாவது பதிப்பு, இது இயங்க வேறு எந்தப் பொதிகள் வேண்டும் என்பன அதில் எழுதியிருக்கும். மூல நிரலும் இவ்வாறே மூலப்பொதியாக வைக்கப்படுகிறது. மூலப்பொதியின் சீட்டில் இன்னொரு பட்டியலும் இருக்கும். அது கட்டுவதற்கு வேண்டியவற்றின் பட்டியல்.

இவ்விரண்டு பட்டியல்களும் ஒன்றல்ல என்பதை நன்கு நினைவில் கொள்ள வேண்டும். இட்லி சாப்பிட ஒரு தட்டும் கொஞ்சம் சட்னியும் இருந்தால் போதும். இட்லி செய்வதற்கோ ஆட்டுக்கல்லும், இட்லிப் பானையும், முந்தைய நாளே ஊறவைத்த அரிசியும் உளுந்தும் வேண்டும். அதுபோல ஒரு படம் வரையும் மென்பொருளை இயக்க இரண்டு பொதிகள் போதும் என்றாலும், அதனைக் கட்டத் தொகுப்பி, நூலகங்கள், ஆவணம் தயாரிக்கும் கருவி, சோதனைக் கருவி என இருபது பொதிகள் தேவைப்படலாம். நூலகம் என்பது பல மென்பொருள்களுக்கும் பொதுவாகப் பயன்படும் நிரல்களின் தொகுதி.

டெபியன் என்னும் கிடங்கு

இத்தகைய கிடங்குகளுள் புகழ்பெற்ற ஒன்று டெபியன். அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த இயன் மர்டாக் 1993-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இதனைத் தொடங்கினார். தம் பெயரையும், டெப்ரா என்ற தம் தோழியின் பெயரையும் சேர்த்து இதற்குப் பெயரிட்டார். லினக்ஸ் என்னும் இயக்குதள மையத்தைச் சுற்றி, யாரும் விலையின்றிப் பெற்றுப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய மென்பொருள்களைத் தொகுத்துத் தருவது இதன் பணி. உலகின் பல நாடுகளிலும் உள்ள தன்னார்வலர்கள் இதனை நடத்துகிறார்கள்.

2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் இதன் 13-ஆம் பதிப்பு வெளியாயிற்று. அதில் இருந்த பொதிகளின் எண்ணிக்கை 69,830. ‘டாய் ஸ்டோரி’ என்ற திரைப்படத்தின் பாத்திரங்களது பெயர்களையே டெபியன் பதிப்புகளுக்கு வைப்பது வழக்கம். இப்பதிப்பின் பெயர் ட்ரிக்ஸி.

இந்தப் பொதிகளை ஒருவர் உட்கார்ந்து கையால் கட்டுவதில்லை. அதற்கென்றே கட்டும் கணிப்பொறிகள் இரவு பகலாக இயங்குகின்றன. ஒரு மூலப்பொதி வந்ததும், ஒவ்வொரு வகைச் சில்லுக்கும் தனித்தனியாக அது கட்டப்படுகிறது. ஒவ்வொரு முறையும் புதிதாகத் துடைத்து வைத்த ஆய்வுக்கூட மேசையைப் போன்ற ஒரு வெற்றுச் சூழல் உருவாக்கப்படுகிறது. தொகுப்பி முதலான சில அடிப்படைப் பொதிகள் மட்டுமே அங்கு முன்கூட்டி இருக்கும். மற்றவை பட்டியலில் உள்ளபடி கொண்டுவந்து வைக்கப்படும். பட்டியலில் எழுத மறந்த பொருள் அங்கு இராது. ஆகவே, ‘என் வீட்டுக் கணிப்பொறியில் நன்றாகக் கட்ட முடிந்ததே’ என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

கட்டத் தொடங்கும் முன்னரே, வேண்டியவை அனைத்தும் கிடைக்குமா என்று சோதிக்கப்படுகிறது. கிடைக்காது என்று தெரிந்தால் அந்தப் பொதி ‘கட்டத் தேவையானவற்றை நிறுவ இயலாது’ என்ற வரிசையில் காத்திருக்கும். இந்தச் சோதனையைத்தான் நாம் ஆராயப்போகிறோம்.

பட்டியலின் இலக்கணம்

சாமான் பட்டியலில் இருக்கிறதா, இல்லையா என்று பார்ப்பதில் என்ன கடினம் என்று நீங்கள் கேட்கலாம். பட்டியலில் நான்கு வகை விதிகள் வருவதுதான் காரணம்.

முதலாவது, தேவை. ‘இதற்கு அது வேண்டும்.’ அதற்கு வேண்டியவையும் சேர்ந்தே வரவேண்டும்.

இரண்டாவது, பதிப்பு. ‘அந்த நூலகம் வேண்டும், ஆனால் 3-ஆம் பதிப்போ அதற்குப் பிந்தியதோதான் வேண்டும்.’

மூன்றாவது, மாற்று. ‘இது அல்லது அது, எதுவாயினும் சரி.’ நல்லெண்ணெய் இல்லாவிட்டால் கடலை எண்ணெய் என்பது போல.

நான்காவது, முரண். ‘இதுவும் அதுவும் ஒரே கணிப்பொறியில் ஒன்றாக இருக்கக் கூடாது.’ எடுத்துக்காட்டாக, எக்சிம், போஸ்ட்ஃபிக்ஸ் என்ற இரண்டும் மின்னஞ்சலைக் கொண்டுசேர்க்கும் மென்பொருள்கள். ஒரே வேலையை இருவரும் செய்யப் புகுந்தால் குழப்பம் வரும். எனவே டெபியனில் இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை. ஒன்றை நிறுவினால் மற்றதை நீக்கியாக வேண்டும்.

இந்த நான்கில் முரண் என்னும் விதி இல்லாவிட்டால் கணக்கு மிக எளிது. தேவை கிடைக்காத பொதிகளை முதலில் அடித்துவிடுவோம். அவற்றை நம்பியிருந்து, வேறு மாற்றும் இல்லாத பொதிகளை அடுத்து அடிப்போம். இனி அடிக்க ஒன்றுமில்லை என்ற நிலை வரும்வரை இப்படியே செய்தால், எஞ்சியவை அனைத்தும் நல்லவை. எதை எடுப்பது என்று யோசிக்கக்கூட வேண்டாம். கடையையே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம். முரண் என்ற விதி வந்ததும் இந்த வழி அடைபட்டுப்போகிறது. ஒன்றை எடுத்தால் இன்னொன்றை விட வேண்டும். எதை எடுப்பது, எதை விடுவது என்னும் தேர்வு தோன்றிவிடுகிறது.

ஒரு சிறு கணக்கு

கற்பனையாக ஒரு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். புள்ளி வைத்துக் கோலம் வரையும் இதற்குக் ‘கோலம்’ என்றே பெயர் வைப்போம். அதன் மூலப்பொதியைக் கட்ட வேண்டியவை வருமாறு:

1. தொகுப்பி
2. படநூலகம், 3-ஆம் பதிப்பு அல்லது பிந்தியது
3. எழுத்துரு-அ அல்லது எழுத்துரு-ஆ
4. ஆவணக்கருவி

கிடங்கில் இருப்பவை வருமாறு:

தொகுப்பி: வேறு எதுவும் தேவையில்லை.
படநூலகம், 4-ஆம் பதிப்பு: நிறநூலகம் தேவை.
நிறநூலகம்: எழுத்துரு-அ உடன் முரண்.
எழுத்துரு-அ: வேறு எதுவும் தேவையில்லை.
எழுத்துரு-ஆ: அச்சுநூலகம் தேவை.
அச்சுநூலகம்: வேறு எதுவும் தேவையில்லை.
ஆவணக்கருவி: அச்சுநூலகத்துடன் முரண்.

மேலோட்டமாகப் பார்த்தால் நான்கு தேவைகளும் கிடங்கில் இருக்கின்றன. பதிப்பும் பொருந்துகிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுவவும் முடியும். எனவே கோலத்தைக் கட்டிவிடலாம் என்றே தோன்றும். ஆனால் சற்றுப் பொறுத்து, படிப்படியாகப் பார்ப்போம்.

படநூலகம் கட்டாயம் வேண்டும். ஆகவே நிறநூலகமும் கட்டாயம் வரும். நிறநூலகம் வந்தால் எழுத்துரு-அ வரக் கூடாது. அது வரக் கூடாதென்றால் எழுத்துரு-ஆ வந்தே தீர வேண்டும். எழுத்துரு-ஆ வந்தால் அச்சுநூலகமும் வரும். அச்சுநூலகம் வந்தால் ஆவணக்கருவி வரக் கூடாது. ஆனால் ஆவணக்கருவியோ நான்காவது தேவை. அது இல்லாமல் முடியாது!

வரவும் வேண்டும், வரவும் கூடாது என்பது முரண்பாடு. எனவே கோலத்தை இன்று கட்ட முடியாது. தனித்தனியே எல்லாம் கிடைத்தாலும், ஒன்றாகக் கிடைக்கவில்லை.

இந்தத் தர்க்கச் சங்கிலி இன்னொரு நன்மையையும் தருகிறது. குற்றம் எங்கே என்பதையும் அது சுட்டிக்காட்டுகிறது. ஆவணக்கருவியைப் பராமரிப்பவர் அச்சுநூலகத்துடன் உள்ள முரணைச் சரிசெய்துவிட்டால், கோலத்தைக் கட்ட வழி பிறந்துவிடும். அப்போது எழுத்துரு-அ நீங்கலாக மற்ற ஆறு பொதிகளும் ஒன்றாக வந்து சேரும்.

எத்தனை வழிகள்?

மேற்கண்ட கணக்கில் ஏழு பொதிகள். ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம். ஆகவே மொத்த வழிகள் 2-ஐ ஏழு முறை பெருக்கிய எண், அதாவது 128. தர்க்கம் தெரியாத ஒருவர் இந்த 128 வழிகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்தும் விடை காணலாம்.

பொதிகளின் எண்ணிக்கை கூடினால் என்ன ஆகும்? 10 பொதிகளுக்கு 1,024 வழிகள். 20 பொதிகளுக்கு 10,48,576 வழிகள். 30 பொதிகளுக்கு 107 கோடிக்கு மேல். 100 பொதிகள் என்றால், 127 என்று எழுதி அதன் பின் 28 சுழிகள் இட்டால் வரும் எண்ணுக்கு அருகில் போய்விடும். விநாடிக்கு 100 கோடி வழிகளைச் சோதிக்கும் ஒரு கணிப்பொறி உங்களிடம் இருப்பதாகக் கொள்வோம். அது எல்லா வழிகளையும் சோதித்து முடிக்க ஏறத்தாழ 40 லட்சம் கோடி ஆண்டுகள் ஆகும். பேரண்டத்தின் வயதோ சுமார் 1,380 கோடி ஆண்டுகளே. அதைப் போல ஏறத்தாழ 3,000 மடங்கு காலம் காத்திருக்க வேண்டும்! டெபியனில் இருப்பவையோ 100 பொதிகள் அல்ல, பல்லாயிரம்.

இன்னும் வேகமான கணிப்பொறி வாங்கிவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். வேகம் இரு மடங்கானால், அதே நேரத்தில் ஒரே ஒரு பொதியைத்தான் கூடுதலாகச் சேர்க்க முடியும். ஆயிரம் மடங்கானால் பத்துப் பொதிகள். எனவே வெறும் வேகத்தால் இதனை வெல்ல முடியாது.

குக் கண்ட உண்மை

1971-ஆம் ஆண்டு கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் குக் ஒரு முக்கியமான முடிவை வெளியிட்டார். ‘இது அல்லது அது’, ‘அது கூடாது’ என்பன போன்ற நிபந்தனைகள் பல தரப்பட்டுள்ளன என்க. அவை அனைத்தையும் ஒரே நேரத்தில் நிறைவு செய்ய முடியுமா என்பது ஒரு வினா. விடையைக் காட்டினால் சரியா என எளிதில் சோதிக்கக் கூடிய கணக்குகள் ஒரு பெருங்குடும்பம். அக்குடும்பத்தின் எந்தக் கணக்கையும் இந்த நிபந்தனை வினாவாக மாற்றிவிடலாம் என்று குக் நிறுவினார். அதாவது, இந்த ஒன்றை விரைவாகத் தீர்க்கப் பொதுவழி கண்டால் குடும்பம் முழுவதற்கும் வழி கிடைத்துவிடும். சோவியத் நாட்டில் லியோனிட் லெவினும் தனியாக இதனை ஒத்த முடிவைக் கண்டார். அது 1973-இல் வெளியாயிற்று. அப்படி ஒரு விரைவான பொதுவழி உண்டா என்பது இன்றும் யாருக்கும் தெரியாது. 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிளே கணிதக் கழகம் இதற்கு 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. பரிசு இன்னும் பெறப்படாமலே இருக்கிறது.

பொதிகளுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? நிபந்தனைக் கணக்கைப் பொதிக் கணக்காக எழுதிப் பார்த்தால் தொடர்பு விளங்கும்.

பள்ளி விழாவுக்குக் கமலா, ரவி, சலீம் ஆகிய மூவரை அழைக்கிறோம். நிபந்தனைகள் மூன்று. ஒன்று, கமலாவோ ரவியோ வர வேண்டும். இரண்டு, கமலா வந்தால் சலீமும் வர வேண்டும். அதாவது, கமலா வராதிருக்க வேண்டும் அல்லது சலீம் வர வேண்டும். மூன்று, ரவியும் சலீமும் சேர்ந்து வரக் கூடாது. அதாவது, இருவரில் ஒருவராவது வராதிருக்க வேண்டும்.

இப்போது ஒவ்வொருவருக்கும் இரண்டு பொதிகள் செய்வோம். கமலாவுக்கு ‘கமலா-ஆம்’, ‘கமலா-இல்லை’. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று சீட்டில் எழுதிவிடுவோம். மற்ற இருவருக்கும் அப்படியே. ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு பொதி. முதல் நிபந்தனைப் பொதிக்குத் தேவை ‘கமலா-ஆம் அல்லது ரவி-ஆம்’. இரண்டாவதற்குக் ‘கமலா-இல்லை அல்லது சலீம்-ஆம்’. மூன்றாவதற்கு ‘ரவி-இல்லை அல்லது சலீம்-இல்லை’. கடைசியாக ‘விழா’ என்று ஒரு மூலப்பொதி. அதனைக் கட்ட மூன்று நிபந்தனைப் பொதிகளும் தேவை. விழாவைக் கட்ட முடிந்தால் நிபந்தனைகளை நிறைவு செய்ய முடியும். கட்ட முடியாவிட்டால் முடியாது. இங்கே கமலாவும் சலீமும் வந்து, ரவி வராதிருந்தால் எல்லாம் பொருந்துகிறது.

எந்த நிபந்தனைக் கணக்கையும் இவ்வாறு பொதிகளாக மாற்றிவிடலாம். ஆகவே பொதிக் கணக்கு நிபந்தனைக் கணக்கைவிட எளிதாக இருக்க முடியாது! ஐரோப்பாவில் ஈடாஸ் என்ற ஆய்வுத் திட்டத்தில் பணியாற்றிய அறிஞர்கள் இதனை 2006-இல் முறையாக நிறுவிக் காட்டினார்கள். ராபர்ட்டோ டி காஸ்மோ, ரால்ஃப் டிரைனன், ஜெரோம் வூயோன் முதலானோர் அவர்களுள் அடங்குவர்.

வழி கண்ட விதம்

பொதுவாக இவ்வளவு கடினமான கணக்கு என்றால், நாள்தோறும் டெபியனில் எப்படித் தீர்க்கிறார்கள்? இங்கேதான் கணிதத்தின் இன்னொரு பக்கத்தைக் காண்கிறோம். மிக மோசமான நிலையில் கடினமானது என்பதற்கு, எல்லா நிலையிலும் கடினமானது என்று பொருளல்ல.

1962-இல் மார்ட்டின் டேவிஸ், ஜார்ஜ் லோகெமன், டொனால்டு லவ்லாண்டு ஆகிய மூவர் ஒரு முறையை வெளியிட்டனர். டேவிஸும் ஹிலரி புட்னமும் 1960-இல் கண்ட முறையின் வளர்ச்சி அது. அதன் சாரம் மூன்று படிகள்.

முதற்படி, கட்டாயமானதைச் செய். கோலம் கணக்கில் நாம் செய்தது இதுவே. ஒரே வழிதான் மிஞ்சியிருக்கிறது என்றால் யோசிக்காமல் அதனை எடுத்துக்கொள். அதனால் வேறு கட்டாயங்கள் பிறந்தால் அவற்றையும் எடு.

இரண்டாம் படி, கட்டாயம் எதுவும் இல்லாவிட்டால் ஏதேனும் ஒன்றை ஊகித்துக்கொள். ‘எழுத்துரு-அ வரட்டும்’ என்று வைத்துக்கொண்டு மீண்டும் முதற்படிக்குப் போ.

மூன்றாம் படி, முரண்பாடு வந்தால் கடைசியாகச் செய்த ஊகத்துக்குத் திரும்பி அதனை மாற்று. இரு வகை ஊகமும் தோற்றால் அதற்கும் முந்திய ஊகத்துக்குத் திரும்பு. திரும்ப இடமே இல்லாவிட்டால் விடை ‘முடியாது’.

1990-களில் இதில் ஒரு நல்ல முன்னேற்றம் ஏற்பட்டது. ஒவ்வொரு முறை முட்டிக்கொள்ளும்போதும், ஏன் முட்டினோம் என்று ஆராய்ந்து, அக்காரணத்தைப் புதிய விதியாக எழுதி வைத்துக்கொள்ளும் முறையே அது. ஒரு முறை மூடியிருந்த தெருவில் மறுபடி போகாமலிருப்பது போன்றது இது.

பொதிக் கிடங்குகளில் பெரும்பாலான தேவைகள் கட்டாயத் தேவைகள். மாற்றுகளும் முரண்களும் ஒப்பு நோக்கக் குறைவு. ஆகவே முதற்படியிலேயே பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. ஈடாஸ் திட்டத்தில் தோன்றி, பின்னர் டோஸ் என்ற பெயரில் வளர்ந்த கருவித் தொகுதி இம்முறையில்தான் இயங்குகிறது. கட்டத் தேவையானவற்றைச் சோதிக்கும் கருவி அதில் தனியாக உண்டு. முடியாது என்று கண்டால், எந்தச் சங்கிலியால் முடியாது என்ற காரணத்தையும் அது அச்சிட்டுக் காட்டும். பராமரிப்பவருக்கு விடையைவிடக் காரணமே பெரிதும் பயன்படும்.

தயிரும் உறைமோரும்

இதுவரை கண்ட கணக்கில் ஒரு சிக்கலை விட்டுவிட்டோம். தயிர் செய்ய என்ன வேண்டும்? பால் வேண்டும், கூடவே உறை ஊற்றக் கொஞ்சம் மோரோ தயிரோ வேண்டும். தயிர் செய்யத் தயிரே வேண்டும் என்றால், முதல் தயிர் எங்கிருந்து வந்தது?

மென்பொருளிலும் இப்படி உண்டு. ரஸ்ட் மொழியின் தொகுப்பி ரஸ்ட் மொழியிலேயே எழுதப்பட்டது. அதனைக் கட்ட ஒரு ரஸ்ட் தொகுப்பி வேண்டும். அன்றாட வாழ்வில் இதனால் தொல்லையில்லை. நேற்றைய தயிரிலிருந்து இன்றைக்கு உறை ஊற்றுவது போல, பழைய பதிப்பைக் கொண்டு புதிய பதிப்பைக் கட்டிவிடலாம். ரஸ்டின் முதல் தொகுப்பி ஓகேமல் என்ற வேறொரு மொழியில் எழுதப்பட்டிருந்தது. 2011-இல்தான் ரஸ்ட் தன்னைத் தானே கட்டிக்கொள்ளத் தொடங்கியது. இதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1962-இல், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் டிம் ஹார்ட், மைக் லெவின் ஆகியோர் லிஸ்ப் மொழியின் தொகுப்பியை அம்மொழியிலேயே எழுதி, அதனைக் கொண்டே அதனைத் தொகுத்தார்கள்.

ஆனால் முற்றிலும் புதிய வகைச் சில்லு ஒன்று வந்தால்? அந்தச் சில்லில் ஓடக்கூடிய பொதி ஒன்றுகூட இராது. வீட்டில் ஒரு சொட்டு மோர்கூட இல்லாத நிலை. அப்போது பக்கத்து வீட்டில்தான் கேட்க வேண்டும். பழைய வகைக் கணிப்பொறியில் இருந்துகொண்டே புதிய சில்லின் மொழியில் நிரலை உருவாக்குவதைக் குறுக்குத் தொகுப்பு என்கிறார்கள். அதனால் சில அடிப்படைப் பொதிகளை உண்டாக்கிக்கொண்டால், பின்னர் அவற்றைக் கொண்டு மற்றவற்றைக் கட்டலாம்.

அங்கும் வட்டங்கள் குறுக்கிடும். ஒரு நூலகத்தைக் கட்ட ஆவணக்கருவி வேண்டும். ஆவணக்கருவியைக் கட்ட அந்த நூலகம் வேண்டும். இவ்வட்டத்தை எங்காவது அறுக்க வேண்டும். நூலகத்தை முதலில் ஆவணம் இல்லாமலும், சோதனைகள் இல்லாமலும் கட்டிக்கொள்வது ஒரு வழி. இதற்காக மூலப்பொதியின் சீட்டிலேயே, ‘முதற்கட்டத்தில் இந்தத் தேவையை விட்டுவிடலாம்’ என்று குறிக்கும் வசதி டெபியனில் உண்டு. எந்த இடத்தில் அறுத்தால் குறைந்த வெட்டில் வட்டம் திறக்கும் என்று கண்டுபிடிப்பது இன்னொரு சுவையான கணக்கு.

2010-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட ரிஸ்க்-ஃபைவ் என்னும் சில்லு வடிவமைப்புக்காக டெபியன் பொதிகள் இவ்வாறே அடிமட்டத்திலிருந்து கட்டப்பட்டன. 2025-இல் வெளிவந்த 13-ஆம் பதிப்பில்தான் அது முதன்முறையாக முறையான இடம் பெற்றது. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவாக்கப்பட்ட சக்தி என்னும் சில்லுகளும் இந்த ரிஸ்க்-ஃபைவ் வகையைச் சேர்ந்தவையே.

ஏன் இந்தக் கவலை?

கட்டி முடித்த பொதிதான் கையில் இருக்கிறதே, அதனை மீண்டும் கட்ட முடியுமா என்று ஏன் கவலைப்பட வேண்டும்?

2014-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஓப்பன்-எஸ்.எஸ்.எல். என்ற நூலகத்தில் ஒரு பெரிய ஓட்டை வெளிப்பட்டது. இணையத்தில் கடவுச்சொற்களும் பணப் பரிமாற்றங்களும் பிறர் கண்ணில் படாமல் செல்ல உதவும் நூலகம் அது. எதிர்முனையிலிருந்து வரும் செய்தியின் நீளம் உண்மையானதுதானா என்று அது சரிபார்க்கத் தவறியது. இதனால் கணிப்பொறியின் நினைவகத்திலிருந்த இரகசியங்கள் வெளியே கசியக்கூடிய நிலை ஏற்பட்டது. இந்த ஓட்டைக்கு ‘ஹார்ட்பிளீடு’ என்று பெயர் வந்தது. மூல நிரலில் செய்ய வேண்டிய திருத்தம் சிறியதே. ஆனால் மூலத்தைத் திருத்தினால் மட்டும் போதாது. திருத்திய மூலத்தை உடனே கட்டி, உலகெங்கும் உள்ள கணிப்பொறிகளுக்கு அனுப்ப வேண்டும். கட்டத் தேவையான பொதி ஒன்று அன்று கிடைக்கவில்லையென்றால் என்ன ஆகியிருக்கும்? மருந்து தெரிந்தும் மருந்து தயாரிக்க முடியாத நிலைதான். திரும்பக் கட்ட முடியாத மென்பொருள் திருத்த முடியாத மென்பொருள். இதனால்தான் ஒவ்வொரு பதிப்பு வெளிவரும் முன்னும் அதிலுள்ள பொதிகளை அதிலுள்ளவற்றைக் கொண்டே கட்ட முடிய வேண்டும் என்பதில் டெபியன் கண்டிப்பாக இருக்கிறது.

ஒரு சிறு பொருள் இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதற்கு 2016-ஆம் ஆண்டு மார்ச்சு மாத நிகழ்ச்சி சான்று. ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கான என்.பி.எம். என்னும் கிடங்கில் ‘லெஃப்ட்-பேட்’ என்று ஒரு பொதி இருந்தது. ஒரு சொல்லின் இடப்பக்கம் வேண்டிய அளவு இடைவெளி சேர்ப்பது மட்டுமே அதன் வேலை. மொத்தமே 11 வரிகள். கருத்து வேறுபாடு ஒன்றினால் அதனை எழுதியவர் தம் பொதிகளைக் கிடங்கிலிருந்து நீக்கிக்கொண்டார். உடனே உலகின் பல பாகங்களிலும் பெரிய பெரிய மென்பொருள்களைக் கட்டும் பணி நின்றுபோயிற்று. அந்த 11 வரிகளை நேரடியாகப் பயன்படுத்தாதவர்களும் பாதிக்கப்பட்டனர். அவர்கள் நம்பியிருந்த பொதி நம்பியிருந்த பொதிக்கு அது தேவையாக இருந்தது. கிடங்கை நடத்தியவர்கள் அதனை மீண்டும் கொண்டுவந்து வைத்த பின்னரே பணிகள் தொடர்ந்தன.

சோதனையின் எல்லை

இச்சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதையும் அறிந்திருப்பது நல்லது. ‘முடியாது’ என்று அது சொன்னால் அதனை அப்படியே நம்பலாம். அன்றைய கிடங்கையும் அன்றைய சீட்டுகளையும் வைத்து எந்த வழியிலும் அப்பொதியைக் கட்டத் தொடங்க முடியாது. ‘முடியும்’ என்று சொன்னாலோ, சாமான் எல்லாம் வந்து சேரும் என்பதே பொருள். சமையல் நன்றாக அமையும் என்று பொருளல்ல. சீட்டில் எழுத மறந்த தேவை இருக்கலாம். புதிய தொகுப்பி பழைய மூல நிரலை ஏற்க மறுக்கலாம். இவற்றை அறிய உண்மையாகவே கட்டிப் பார்க்க வேண்டும். மேலும் இன்று கிடைத்த விடை நாளைக்குச் செல்லாது. கிடங்கில் ஒரு பொதியின் பதிப்பு மாறினாலும் விடை மாறக்கூடும். அதனால்தான் சோதனை ஓயாமல் நடக்கிறது.

சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட பாஸ் என்னும் இந்திய இயக்குதளம் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே டெபியன் கிடங்கில் நடக்கும் இந்தக் கணக்கின் பயன் நம் நாட்டுக் கணிப்பொறிகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

நீங்களே செய்து பாருங்கள்

‘விண்மீன்’ என்ற மூலப்பொதியைக் கட்ட அ, ஆ என்ற இரண்டு பொதிகளும் தேவை. கிடங்கில் அ, ஆ, இ, ஈ, உ, ஊ என ஆறு பொதிகள் உள்ளன. அ-வுக்கு இ அல்லது ஈ தேவை. ஆ-வுக்கு உ தேவை. இ-யும் உ-வும் முரண். ஈ-க்கு ஊ தேவை. ஊ-வும் இ-யும் முரண்.

முதல் வினா: விண்மீனைக் கட்ட முடியுமா? முடியுமானால் எந்தப் பொதிகளைக் கொண்டு?

இரண்டாம் வினா: கிடங்குக்காரர் ஊ-வை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?

விடையைப் பார்க்கும் முன் தாளும் பென்சிலும் எடுத்து முயன்று பாருங்கள். கட்டாயமானதை முதலில் எழுதுங்கள்.

விடை: ஆ வேண்டும், ஆகவே உ வேண்டும், ஆகவே இ கூடாது, ஆகவே அ-வுக்காக ஈ வேண்டும், ஆகவே ஊ வேண்டும். அ, ஆ, ஈ, உ, ஊ ஆகிய ஐந்தையும் கொண்டு விண்மீனைக் கட்டலாம். ஊ-வை எடுத்துவிட்டால் ஈ வர முடியாது. இ-யும் வர முடியாது. எனவே கட்ட முடியாது. ஆறு பொதிகளுக்கு 64 வழிகள் உண்டு. அவற்றுள் பொருந்துவது ஒரே ஒரு வழி. அந்த ஒன்றை ஐந்தாறு ‘ஆகவே’க்களில் பிடித்துவிட்டோம்.